வாத்து ரெம்பலும் நானும் பேதிக்குக் குடித்தது

ஷோன்டால்,
மார்ச் மாதம், பனி இன்னும் ஜன்னல் உயரம்.

அன்பு மகள் நேத்தாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் குளிருக்குப் பெட்டிக்குள் ஒடுங்கிக் கிடக்கும் தேனீக்களும் சுகம். வின்னிபெக்கில் நீயும், நீ இரவு பகலாகக் கட்டிக்கொண்டு அழும் அந்தப் புற்றுநோய்ப் பரிசோதனைக் கம்ப்யூட்டரும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லவில்லை என்று கோபப்படாதே. சொன்னால் பனிப்புயலில் காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாய் என்று உன் அம்மா தடுத்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, நிதானமாகப் படி.

போன மாதம் உங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. 'அன்புள்ள டீட்ரிக் ரெம்பல், நீங்கள் அனுப்பிய மல மாதிரியில் ரத்தம் தெரிகிறது, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும்' என்று. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, நான் எதையும் அனுப்பவே இல்லையே! மாதிரி எடுக்கச் சொல்லி நீங்கள் தபாலில் அனுப்பிய டப்பா பிரிக்காமல் குளியலறை அலமாரியில் அப்படியே இருக்கிறது. (அதற்கான திட்டைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன்.) அப்படியானால் இது வாத்து ரெம்பலுடையதாகத்தான் இருக்க வேண்டும். பெரியப்பா மகனான அவனுக்கும் எனக்கும் ஒரே தாத்தாவின் பெயர், பிறந்ததும் ஒரே நாள். வளர்ப்பதை வைத்து ஊர் எங்களைத் தேனீ, வாத்து என்று பிரித்து வைத்திருக்கிறது. உன் கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் பிசைந்து ஒரே ஆளாக்கிவிட்டது. உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்துப் பேசிய பெண் பொறுமைசாலி.

"சார், சிஸ்டத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"இல்லம்மா, நாங்க ரெண்டு பேரு. ஒருத்தன் வாத்து வளக்கறான்."

"வாத்துன்னு போட இங்க எடமில்லையே, சார்."

வேறு வழியின்றி அவன் வீட்டுக்கே போனேன். அவன் வாத்துகள் என் பட்டாணிப் பாத்தியை மேய்ந்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். கதவைத் திறந்தவன், "என்னடா, பட்டாணிக்கு நஷ்டஈடு கேக்க வந்தியா?" என்றான். கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தான்.

"உன் பேருதானே போட்டிருக்கு?"

"உன் பேரும் அதாண்டா! நான் டப்பாவே அனுப்பல. நீ அனுப்பினியா?"

கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் திரும்ப வைத்தான். "சரி, அனுப்பினேன்னே வச்சுக்கோ. நீயும் வந்தா நானும் வரேன்."

உன் அம்மா தீர்ப்பு சொன்னாள்: "ரெண்டு பேரும் மருந்தக் குடிங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும்." ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாளே அவனை நம் வீட்டுக்கு அழைத்துவந்து, சாப்பாட்டுக்குப் பதில் வடிகட்டிய கோழி சூப்பும், குடம் குடமாகப் பேதி மருந்தும் குடித்தோம். நம் வீட்டில் கழிப்பறை ஒன்றுதான் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

"டேய் வாத்து, வெளிய வாடா!"

"பட்டாணிய மறந்துட்டேன்னு சொல்லு, வரேன்."

"மறந்துட்டேன்டா, பட்டாணியே சாப்பிட மாட்டேன்டா, வாடா!"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் "டீட்ரிக் ரெம்பல்" என்று கூப்பிட்டதும் இருவரும் எழுந்தோம். பிறந்த நாள் கேட்டாள், இருவரும் ஒரே நாளைச் சொன்னோம். அவள் போய் டாக்டரையே கூட்டிவந்தாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, பனியில் வரமுடியாத ஒருவரின் இடம் காலியாக இருப்பதால் இருவரையுமே பார்த்துவிடலாம் என்றார். என் குடல் சுத்தம். அவனுக்கு உள்ளே ஒரு சதை வளர்ச்சி, விட்டுவைத்தால் பின்னால் புற்றாக மாறுகிற ஜாதியாம், அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். நேற்று முடிவு வந்தது, புற்று இல்லை. மனைவி இறந்ததிலிருந்து அவன் எந்த டாக்டரிடமும் போனதில்லை, நேத்தா. மயக்கம் தெளியும்போது என் கையைப் பிடித்தவன் கார் வரை விடவில்லை.

சர்ச்சில் யாராவது உன் வேலையைப் பற்றிக் கேட்டால் 'ஏதோ டைப் அடிக்கிறாள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஞாயிறு எழுந்து நின்றே சொன்னேன், என் மகள் போடுகிற கடிதத்தால்தான் வாத்து பிழைத்தான் என்று. ஆள் மாறிப் போட்டதைச் சொல்லவில்லை. நீயும் கம்ப்யூட்டரை ரொம்பத் திட்டாதே.

தேனும் சுவீபாக் ரொட்டியும் பஸ்ஸில் வருகின்றன. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன்னையும் உன் கீபோர்டையும் காப்பாராக.

உன் அப்பா,
தேனீ

பி.கு.: உறையை ஒட்டும்போது வாத்து வந்தான், பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவன் முகம் போன போக்கே சரியில்லை. "டேய், நானும் டப்பா அனுப்பல. நீதான் அனுப்பிட்டு, பயத்துல இல்லவே இல்லன்னு சாதிக்கறேன்னு நெனச்சேன். உன்னத் தனியா விட மனசு வரல, அதான் ஆமான்னேன்" என்கிறான். அப்படியானால் அந்த ரத்தம் யாருடையது? உன் அம்மாதான் கரண்டியோடு வந்து, "பராகுவேலேந்து போன வருஷம் திரும்பி வந்தாரே உங்க சித்தப்பா பையன், அவருக்கும் தாத்தா பேருதானே?" என்றாள். பராகுவே, பராகுவே என்றே கூப்பிட்டு, அவன் பெயரே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. வாத்து காரை ஸ்டார்ட் செய்துவிட்டான், இப்போதே பராகுவே வீட்டுக்குப் போகிறோம், அங்கிருந்து உனக்குப் போன் செய்வோம். கம்ப்யூட்டரில் எங்களை மூன்றாகப் பிரித்து, மூன்றாமவனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வாங்கிவிடு. துணைக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். மருந்து மட்டும் குடிக்க மாட்டோம்.