ஆரஞ்சு பூத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது

கலிபோர்னியாவில் எங்கள் மாவட்டத்தில் ஆரஞ்சு மரங்கள் தம் இஷ்டத்துக்குப் பூத்துவிட முடியாது. பத்தில் ஒரு பங்கு மொட்டு விரிந்திருப்பதை மலர்ச்சி அதிகாரி நேரில் கண்டு, பூத்துவிட்டதாக அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் தேனீயைக் கொல்லும் மருந்தை யாரும் அடிக்கக் கூடாது. அறிவிக்கும்வரை அடிக்கலாம். தேனீக்களின் நலன் கருதி, நீண்ட ஆலோசனைக்குப் பின் இயற்றப்பட்ட சட்டம்.

இந்த ஆண்டு வெப்பக்காற்று முன்னதாகவே வீசியது. சனி ஞாயிறு விடுமுறைக்குள் அநேகமாக எல்லா மொட்டும் விரிந்துவிட்டது. திங்கள் காலை, தேனீ வளர்க்கும் ஹாகோப் தெர்சியான் அலுவலகத்துக்கு ஓடினார். அவருடைய பெட்டிகள் அத்தனையும் தெய்ஷேராவின் ஆரஞ்சுத் தோட்டத்து ஓரத்தில் இருந்தன. தெய்ஷேரா மறுநாள் மருந்தடிக்கப்போகிறார்.

அதிகாரி வில்மா பென்னர் சட்டையில் ‘தேனீயைக் காப்போம்’ பேட்ஜ் குத்தியிருந்தார். இந்த ஆண்டு ஊரில் எல்லோரும் குத்தியிருந்தோம்.

“மேடம், பூத்துடுச்சு. இன்னிக்கே அறிவிச்சிடுங்க.”

“பத்துல ஒரு பங்கு விரிஞ்சிருக்கணும், ஹாகோப்.”

“பத்துல ஒம்பது பங்கு விரிஞ்சாச்சு மேடம்!”

“அப்ப ஒரு பங்கு இல்லையே.”

“ஒண்ணைத் தாண்டித்தானே ஒம்பது வரும்?”

“தாண்டியிருக்கும். ஞாயித்துக்கிழமை. நான் பார்க்கலையே.”

“வாசனை இங்க வரைக்கும் வருதே!”

“எனக்கும்தான் வருது. மூக்குக்கு அதிகாரம் கிடையாதுய்யா.”

“நாளைக்கு என் தேனீ பூராவும் செத்துப்போயிடும்.”

வில்மாவின் கண் கலங்கியது. நல்ல மனுஷி. “ஒரு வழி இருக்கு. பூ கொட்டிப்போய், பத்துல ஒரு பங்கு மிஞ்சட்டும். அந்த நிமிஷமே அறிவிக்கிறேன்.”

ஹாகோப் நேரே தெய்ஷேராவிடம் போனார்.

“யோவ், உன் மரத்தையெல்லாம் உலுக்கிக்கட்டுமா?”

“சட்டம் விடுமா?”

“மருந்தடிக்கறதைப் பத்தித்தான் சட்டம். உலுக்கறதைப் பத்தி ஒண்ணும் இல்ல.”

தெய்ஷேரா யோசித்தார். “பூ போனா பூச்சியும் போயிடும். மருந்து மிச்சம். ஏணியைப் பிடி.”

பழத்தைப் பற்றி அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பேட்ஜ் குத்திய எல்லோரும் கம்பும் துடைப்பமுமாக இறங்கினோம். தேனீக்கள் எங்கள் தலைக்குமேல் குழம்பிச் சுற்றின. மாலைக்குள் பூவெல்லாம் தரையில் வெள்ளையாகக் கிடந்தது. வில்மா வந்தார். கிளைகளில் மீந்திருந்ததைப் பார்த்துத் திருப்தியடைந்து, ஆரஞ்சு பூத்துவிட்டதாக அறிவித்தார். கைதட்டினோம். ஒரு தேனீகூடச் சாகவில்லை.

பூ இல்லாததால் ஹாகோப் அவற்றுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றினார். குடித்து, பெட்டிகளை நிரப்பின.

தேனீப் பாதுகாப்பு விழாவில் ஹாகோப்பின் மேஜைமேல் எப்போதும்போல ‘ஆரஞ்சுப் பூத் தேன்’ புட்டிகள். வில்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

“யாரும் சொல்லவே வேணாம். மூக்கே சொல்லுது. ஆரஞ்சுப் பூதான்.”

ஹாகோப் தரையைப் பார்த்தார். அடுத்து நான். பாகு கிண்டியபோது கூடவே நின்றவன். நக்கிப் பார்த்தேன்.

எனக்கும் வாசனை வந்தது.