பார்க்கலாம் தொரை ஓட்டுக் கேட்கப் பழகினது

எனக்கு எழுபத்தெட்டு வயசு. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் சேர்ந்து படுத்தின பாட்டைப் பார்க்கலாம் தொரை ஒற்றை ஆளாகப் படுத்தினார்.

ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டின் துணைத் தூதராக இங்கே பெங்களூரில் இருந்தார். தொண்ணூற்றைந்து வாக்கில், காக்ஸ் டவுனில் அவர் பங்களாவில் நான்தான் சமையல். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் ஆமாம், இல்லை என்ற இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வராது. தூதர் வேலையில் யார் மனசும் கோணக் கூடாதாம்.

"தொரை, சாம்பாரா, ரசமா?"

"இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பார்க்கலாம்."

பார்த்துக்கொண்டிருந்தால் சோறு ஆறிப்போகும். நானே ஊற்றிவிடுவேன்.

பழசை மாற்றக் கூடாது என்று அவர் ஊரில் ஒரு கட்சி உண்டாம். தொரை அதற்கென்றே பிறந்தவர்; கிழிந்த சோபா உறையைக்கூட மாற்ற விடமாட்டார். அந்தக் கட்சி அவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லிவிட்டது. தொரையும் உத்தியோகத்தை விட்டுவிட்டார். தோற்றால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. "எனக்கு ஓட்டுக் கேட்கத் தெரியாதே" என்று அடுப்படியில் வந்து நின்றார்.

ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்குக் கூட்டிப்போனேன். குழாயடியில் பக்கத்து வீட்டு ராணி காலிக் குடத்தோடு நின்றாள்.

"இவர் ஓட்டுக் கேட்டு வந்திருக்காருன்னு நினைச்சு ஏதாவது கேளுடி."

"நாலு நாளா தண்ணி இல்ல. எப்ப வரும் தொரை?"

"இந்த விஷயத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது…"

"ரெண்டு பக்கமும் காத்துதான் வருது! நேரா சொல்லுய்யா!"

தொரைக்கு முகம் சிவந்துபோச்சு. "தெரியாது. கேட்டுவிட்டு நாளைக்கு வந்து சொல்கிறேன்."

மறுநாள் தண்ணி ஆபீசில் வரிசையில் நின்று கேட்டு வந்து, "வியாழக்கிழமை" என்றார். வியாழக்கிழமை ஒரு சொட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தொரை வந்தார், கோட்டும் டையுமாக, திட்டு வாங்க. ராணி ஒரு குறையும் வைக்கவில்லை. திட்டி முடித்து மூச்சு வாங்கினவள், "நின்னு கேட்டாரு பாருக்கா. இவரை நம்ம வார்டுலயே நிக்கச் சொல்லு" என்றாள். எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டுப் போன எவனும் திட்டு வாங்கத் திரும்பி வந்ததில்லை.

ஊருக்குப் போயும் இப்படியே வீடு வீடாக ஏறி இறங்கினாராம். "ஜெயிச்சிட்டேம்மா!" என்று போனில் ஒரே கூச்சல். "மெதுவா பேசுங்க, காது நல்லாத்தான் கேக்குது" என்றேன்.

அதற்கடுத்த தேர்தலில் தோற்றுவிட்டார் என்று தொரையிடம் முன்பு வண்டி ஓட்டின டிரைவர் வந்து சொன்னான். எனக்கென்ன, அது அவங்க நாட்டு விவகாரம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் கேட்டதற்கு விரதம் என்று சொல்லிவிட்டேன்.

சிரிக்காமல் எழுதடி பேத்தி. எழுதிட்டியா? முதலிலிருந்து வாசி, கேட்போம்.