சிறப்புக் காட்சியில் சிரித்தது யார்?

"சிரிச்சது நீங்கதான்!"

"நான் தூங்கிட்டு இருந்தேன்யா."

"தூங்கினவர் எப்படிச் சிரிச்சீங்க?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! தூக்கத்துல சிரிச்சிருந்தா எனக்கெப்படித் தெரியும்?"

"பேரவை மானமே போச்சு. உறுப்பினர் அட்டையைக் குடுங்க."

"தலைவரே, அட்டை போனா ரேடியோவுல நான் படம் பத்திப் பேசற நேரமும் போயிடும். பேரவையில இருக்கறவனுக்குத்தான் அந்த நேரம். இந்த வயசுல நான் எங்க போவேன்?"

தியேட்டர் கழிப்பறையில், மூடிய கதவுக்குப் பின்னால் இருந்த இரண்டேகால் என்ற விமர்சகருக்கு, பேரவைத் தலைவரும் ரேடியோ அண்ணனும் போட்ட இந்தச் சண்டை ஒரு சொல் விடாமல் கேட்டது. கதவைத் திறக்கப் போன கையை அப்படியே இழுத்துக்கொண்டார். சிரித்தது அவர்தான்.

இதிலுள்ள விபரீதம் விளங்க வேண்டுமானால் ஒரு பேருண்மையை முதலில் சொல்லியாக வேண்டும். மனிதகுலம் இதுவரை கண்ட கலைகளிலேயே தலையாயது, சிரிப்புப் படத்தைச் சிரிக்காமல் பார்க்கும் கலை. சிரிப்புக் காட்டுவது என்ன பெரிய வித்தை? வாழைப்பழத் தோல் ஒன்று இருந்தால் போதும். ஆனால் அந்தத் தோலில் ஒருவன் சறுக்கி, வாளியில் கால் நுழைந்து, வாளியோடு மாடிப்படியில் உருண்டு வரும்போது, முகத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வைத்துக்கொண்டு பார்ப்பதற்குப் பல வருஷத் தவம் வேண்டும். அந்தத் தவசிகளின் சங்கம்தான் திரை விமர்சகர் பேரவை.

விமர்சகர்களுக்கென்று முன்கூட்டியே போடும் சிறப்புக் காட்சியில் சிரிக்கக் கூடாது என்பது பேரவையின் மரபு. காரணம் மிக நியாயமானது. ஒருவர் சிரித்துவிட்டால் அவருடைய கருத்து மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு எல்லோரும் அதையே எழுதிவிடுவார்கள். விமர்சனத்தின் 'சுதந்திரம்' என்னாவது? ஆகவே யாரும் சிரிக்காமல் பார்த்துவிட்டு, வெளியே வந்து, டீ குடித்தபடி கலந்து பேசி, ஒரே கருத்தைச் சுதந்திரமாக எழுதுவார்கள். பெருமூச்சுக்கும் செருமலுக்கும் அனுமதி உண்டு. தூங்கலாம், தூக்கமும் ஒரு விமர்சனம்தான்.

இரண்டேகால் என்பது அவர் பெயரல்ல, அவர் போடும் மதிப்பெண். வாரப் பத்திரிகையில் எந்தப் படத்துக்கும் ஐந்துக்கு இரண்டேகால்தான் போடுவார். இரண்டு போட்டால் படம் எடுத்தவர் முறைப்பார். இரண்டரை போட்டால் பேரவை முறைக்கும். அந்தக் கால் மதிப்பெண்ணின் மேல் ஒற்றைக் காலில் நின்றே பாதி ஆயுளை ஓட்டியவர்.

இந்தத் தடவை வந்த படம் சாதாரணமானதல்ல. 'தடுக்கி விழுந்த துப்பு' என்ற பழைய படத்தின் மறு உருவாக்கம். அந்தக் காலத்தில் ஊரே விழுந்து விழுந்து பார்த்த படம். துப்பறிவாளர் ஒருவர் நடந்தால் தடுக்கி விழுவார். விழுந்த இடத்தில் துப்புக் கிடைக்கும். கொலைகாரனைவிட அதிகம் அடிபட்டது அவர்தான். அதை மறுபடி எடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்றே, நாயகன் யாரென்று முடிவாவதற்கு முன்பே, பேரவை கூடித் தீர்ப்பை முடிவு செய்துவிட்டது. 'ஆன்மா இல்லை' என்ற தலைப்பைத் தலைவர் எடுத்துக்கொண்டார். 'உயிர் இல்லை' மாலைப் பத்திரிகைக்காரருக்கு. அலைபேசியில் விமர்சனம் பேசும் செயலாளருக்கு 'ஜீவன் மிஸ்ஸிங்.' பங்கு போட்டு மிஞ்சிய 'இதயம் எங்கே?' இரண்டேகாலுக்கு வந்தது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அந்த அலமாரிக் காட்சி வரும்வரை.

அன்று மாலை இரண்டேகால் அதைத் தன் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"திருடன் அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருக்கான். திருடனைப் பிடிக்கறதுக்கு ஒளியணும்னு துப்பறியறவனும் அதே அலமாரிக்குள்ள வர்றான். ஒரே இருட்டு. 'கொஞ்சம் தள்ளுங்க'ங்கறான். இவனும் தள்ளி நிக்கறான்."

"அப்புறம்?"

"ரெண்டு பேரும் சேர்ந்து திருடனுக்காகக் காத்திருக்காங்க. 'வந்துட்டானா?'ங்கறான். 'இன்னும் இல்லிங்க'ங்கறான் திருடன். 'வந்தா எழுப்புங்க'ன்னு சொல்லிட்டு அவன் தோள்லயே சாஞ்சு தூங்கிட்டான். திருடனுக்கு ஓடணும். ஆனா எழுப்ப மனசு வரல. பாவம், தூங்கறவர் தலை ஆடாம இருக்க கையால பிடிச்சுக்கறான். அப்புறம் அவனுக்கே கொட்டாவி வந்து..."

அவள் மடித்த துணி கலைந்து போகிற அளவுக்குச் சிரித்தாள். "அய்யோ, நாளைக்கே போலாங்க! சரி, என்ன எழுதப் போறீங்க?"

"இதயம் எங்கே."

"எது எங்கே?"

"தலைப்பு."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். ரேடியோ அண்ணனின் கதையையும் அவர் சொல்லி முடித்தார்.

"நல்லாருக்கே நியாயம். சிரிச்சது நீங்க, மாட்டினது அவரா? அவர் நம்ம கல்யாணத்துக்கு வந்து உக்காந்து சாப்பிட்ட மனுஷன். அந்த ரேடியோ நேரத்தை விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு? எந்திரிச்சு நின்னு நான்தான்னு சொல்லுங்க."

"அட்டை போயிடும்டி."

"போனா போகட்டும். சிரிச்சுட்டு ஜெயிலுக்கா போகப் போறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை, சலூன் மாடியிலிருந்த பேரவை அறையில் விசாரணை கூடியது. அதற்குள் படம் வெளியாகி, தலைவர் எழுதியதும் மாலைப் பத்திரிகைக்காரர் எழுதியதும் வந்துவிட்டன. இரண்டிலும் ஒரு வாக்கியம் எழுத்து பிசகாமல் இருந்தது: 'ஒரிஜினலின் அமரத்துவம் வாய்ந்த அலமாரிக் காட்சியின் கால்தூசுக்கு இது வராது.' பெரியவர்கள் ஒரே மாதிரி சிந்திப்பார்கள்.

தியேட்டரில் உட்கார்ந்த வரிசைப்படியே நாற்காலிகள் போடப்பட்டன; மூலையில் ரேடியோ அண்ணனும் அவர் பக்கத்தில் இரண்டேகாலும். விளக்கு அணைக்கப்பட்டது. ரேடியோ அண்ணன் இருட்டில் பழக்க தோஷத்தால் கொஞ்சம் கண்ணயர்ந்தார், எழுப்பிவிட்டார்கள்.

"சத்தம் எப்படி இருந்துச்சு?" என்றார் தலைவர்.

செயலாளர் கண்ணை மூடி நினைவுபடுத்தினார். "ஆரம்பத்துல குக்கர். நடுவுல ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர். முடிவுல விக்கல்."

"சரி. ஒவ்வொருத்தரா சிரிச்சுக் காட்டுங்க. யார் சிரிப்பு அதுக்கு ஒத்துப் போகுதுன்னு பாத்துடலாம். நானே முதல்ல."

தலைவர் தொண்டையைச் செருமினார். சட்டைக் காலரைச் சரி செய்தார். அறை மூச்சடக்கிக் காத்திருந்தது.

"ஹ," என்றார்.

"அவ்வளவுதானா தலைவரே?"

"இதுக்கு மேல எனக்கு வராதுப்பா."

மாலைப் பத்திரிகைக்காரர் முயன்றார். அது அழுகையாகப் போய் முடிந்தது; தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்கள். செயலாளர் பல்லைக் காட்டினார், சத்தம் வரவில்லை. ரேடியோ அண்ணன் வாயைத் திறந்தார், கொட்டாவி வந்தது. இரண்டேகாலை யாரும் கேட்கவே இல்லை; அவர் சிரிப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேரவையின் தவவலிமையை இதற்கு மேல் எப்படி நிரூபிக்க முடியும்? சிரிப்பைத் துறந்தவர்கள் அல்ல அவர்கள். எங்கே வைத்தோம் என்றே மறந்துபோனவர்கள்!

அப்போதுதான் செயலாளருக்கு அந்த யோசனை உதித்தது. "பழைய படத்தைப் போடலாம் தலைவரே. தானா சிரிப்பு வரும்."

"மரபு?"

"காவியத்துக்குச் சிரிச்சா அது சிரிப்பு இல்ல. அஞ்சலி."

போட்டார்கள். துப்பறிவாளர் தடுக்கி விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. எழுந்து மறுபடி விழுந்தார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அலமாரி வரட்டும், அப்ப பாருங்க," என்றார் தலைவர்.

அலமாரியும் வந்தது. துப்பறிவாளர் அதைத் திறந்தார். எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். அவர் கோட்டைக் கழற்றி உள்ளே மாட்டினார். மூடினார். போய்விட்டார்.

படம் முடிந்து 'வணக்கம்' போட்டபோது, பதிலுக்கு வணக்கம் சொல்லக்கூட யாருக்கும் நா எழவில்லை.

"ஒளியற சீன் எங்கய்யா?" என்றார் மாலைப் பத்திரிகைக்காரர். "நீங்க எழுதினதைப் பாத்துத்தானே நான் எழுதினேன்?"

"செயலாளர் பேசினதைக் கேட்டுத்தான் நான் எழுதினேன்," என்றார் தலைவர்.

"எங்கப்பா சொல்லியிருக்காரு," என்றார் செயலாளர். "அவரும் பாக்கல. கேள்விப்பட்டதுதான்."

தலைவர் பதறவில்லை. பதறுகிறவர் தலைவராக முடியுமா? "இந்தப் பிரதி சரியில்ல," என்று தீர்ப்பளித்தார். "எவனோ நடுவுல வெட்டியிருக்கான். அந்தக் காட்சி படத்துல இல்லேன்னா என்ன, நம்ம நெஞ்சுல இருக்கு. விஷயத்துக்கு வாங்க. சிரிப்பு வந்தது அந்த மூலையிலேர்ந்து. அந்த மூலையில இருந்தது ரேடியோ. அட்டையை வாங்கிடுங்க."

ரேடியோ அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஓரம் மழுங்கிய அட்டை பையில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. அவர் அதைப் பிடித்து இழுக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டேகால் எழுந்து நின்றுவிட்டார்.

"நான்தான் சிரிச்சேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் நம்பவில்லை.

"நீங்களா? இரண்டேகாலா?"

"ஆமா. நல்லாருந்துச்சு. சிரிச்சேன்."

"அப்ப சிரிச்சுக் காட்டுங்க."

இரண்டேகால் கண்ணை மூடினார். திருடனை நினைத்தார். தோளில் தூங்கும் தலையை நினைத்தார். வயிறு தயாராக இருந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே பேரவை முழுவதும் சுண்ணாம்பு அடித்த சுவராக உட்கார்ந்திருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது.

"ஹ," என்றார்.

தலைவர் கண் கலங்கிவிட்டார். "பாத்தீங்களா? சகாவைக் காப்பாத்தப் பழியைத் தன் மேல போட்டுக்கறார். இதுதான் பேரவை!" எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் ரேடியோ அண்ணனின் அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

படியிறங்கும்போது ரேடியோ அண்ணன் அவர் தோளில் கை வைத்தார். "நெசமாவே நீதானாடா?"

"நெசமாவே நான்தான்ணே."

"அப்படி என்னடா சீன் அது? என் பொழைப்பே போயிருக்கு, நான் தூங்கித் தொலைச்சுட்டேனே. ஒரு தடவை பாத்துடணும்."

அதற்கு முன் இரண்டேகால் இன்னொரு காரியம் செய்தார். வாரப் பத்திரிகைக்கு 'இதயம் எங்கே?' அனுப்பவில்லை. 'நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை' என்று தொடங்கி எழுதினார். நான்கரை மதிப்பெண் போட்டார். ஆசிரியர் கூப்பிட்டார்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் சார் இருக்கேன்."

"எல்லாரும் ஆன்மா இல்ல, உயிர் இல்லங்கறாங்க. நீங்க மட்டும் சிரிச்சேன்னா, வாசகர் நம்மளைப் பாத்துச் சிரிப்பாங்க. கொஞ்சம் செம்மை பண்ணிடறேன்."

இதழில் வந்தது: 'நான் சிரிக்க முயன்றேன்.' கீழே மதிப்பெண் இரண்டேகால்.

அடுத்த நாள் பகல் காட்சிக்கு இரண்டேகாலும் மனைவியும் ரேடியோ அண்ணனும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். அரங்கு பாதி நிரம்பியிருந்தது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விமர்சனம் படித்த முகங்கள். துப்பறிவாளர் வாளியோடு உருண்டு வந்தார். அரங்கில் செருமல்தான் கேட்டது. முன்வரிசைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "ஒரிஜினல்ல இது இன்னும் நல்லாருக்கும்," என்றார். "நீங்க பாத்திருக்கீங்களா?" "அதைப் போய்ப் பாக்கணுமா என்ன? ஊருக்கே தெரியுமே."

அலமாரி வந்தது. திருடன் நகர்ந்து இடம் கொடுத்தான். தலை தோளில் சாய்ந்தது. இரண்டேகாலின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த இருட்டில் அது ஒன்றுதான் சத்தம்.

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. "உஷ்," என்றது ஒன்று. "ஏம்மா, பழைய படம் பாத்திருக்கீங்களா நீங்க?" என்று கேட்டது இன்னொன்று.

அவள் பாதிச் சிரிப்பில் நின்றாள். மெல்லக் கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் துணி மடிக்கும்போது சிரித்த அதே வாய். அந்தப் பக்கம் ரேடியோ அண்ணன், பறிக்க அட்டைகூட இல்லாத மனுஷன், கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார்.

இரண்டேகால் திரும்பி அரங்கைப் பார்த்தார். திரையிலிருந்து வந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு வரிசையிலும் கைகள் தெரிந்தன. கட்டிய கைகள் அவிழ்ந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாயின் மேல் இருந்தது.

பேரவையில் இருப்பவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். அந்தச் சிறு கூட்டம் காத்து வந்த அருங்கலையை இத்தனை சீக்கிரம் ஊர் முழுக்கக் கற்றுக்கொண்டதை என்ன சொல்லிப் பாராட்டுவது! படத்தை அந்த வாரமே தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். மக்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

அந்த அரங்கில் இருந்தவர்களில் சிலராவது இதைப் படிப்பீர்கள். பெயர் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், ஒரிஜினலோடு ஒப்பீடும் வேண்டாம். வந்த சிரிப்பை யாரைக் கேட்டு அடக்கினீர்கள்? அதை மட்டும் கீழே பதில் எழுதுங்கள்.