வினிகரில் ஊறிய அம்மோனைட்

இந்த ஞாயிற்றுக்கிழமையோடு மனைவியின் வாயை அடைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். மனதுக்குள்தான். வெளியே சொல்லும் அளவுக்கு எனக்கு வீரம் போதாது.

கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலில் வாழ்ந்து கல்லாகிப் போன நத்தை, சிப்பி வகையறாக்களைச் சேகரிப்பவன் நான். கட்டிலடி, அலமாரி, செருப்பு ஸ்டாண்டு எல்லாம் அவைதான். மனைவி கெடு வைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மியூசியத்துலேர்ந்து அதிகாரி வரார்ல? ஒரு கல்லையாவது அவர் நல்லா இருக்குன்னு சொல்லணும். இல்லேன்னா அன்னிக்கே எல்லாம் குப்பை லாரிக்கு!"

என் ஒரே நம்பிக்கை உள்ளங்கை அளவு அம்மோனைட். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடு. மேலே அழுக்கு அப்பியிருந்தது. வினிகரில் ஊறினால் போய்விடும் என்று நானே கண்டுபிடித்தேன். அவள் கடைக்குப் போன நேரத்தில் வாளியில் மூழ்கடித்து, மூடி, பால்கனியில் ஒளித்தேன். மூன்று நாள் திறக்கவே இல்லை. ஆராய்ச்சியாளனுக்குப் பொறுமை முக்கியம்.

ஞாயிறு காலை திறந்தால் வெள்ளைக் குழம்பு. கையை விட்டுத் துழாவினேன். கொம்புமில்லை, ஓடுமில்லை. அழுகையே வந்துவிட்டது.

"என்னங்க, மாவு கரைக்கறீங்களா?"

"போச்சுடி! இத்தனை கோடி வருஷம் தாங்கினது, என்கிட்ட மூணு நாள் தாங்கல!"

"போன வருஷம் சமையல் மேடைப் பளிங்குல வினிகரைக் கொட்டி அரிக்க வெச்சது யாரு?"

"நான்தான்."

"பளிங்கும் சுண்ணாம்பு, உங்க நத்தையும் சுண்ணாம்பு. நீங்க வாளியை ஒளிச்ச அன்னிக்கே அதை எடுத்துட்டு ஒரு சுண்ணாம்புக் கட்டியைப் போட்டுட்டேன்."

பஞ்சு வைத்த டப்பாவைத் திறந்தாள். என் அம்மோனைட்! தையல் ஊசியாலும் பழைய டூத்பிரஷாலும் வரி வரியாகச் சுத்தம் செய்திருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னா கேக்கற ஆளா நீங்க?"

அதிகாரி வந்தார். பத்து நிமிஷம் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"பிரமாதம்! யார் சுத்தம் பண்ணினது?"

நான் தொண்டையைக் கனைத்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இவதான் சார்," என்றேன்.

"இந்தக் கை எங்க ஆளுங்க யாருக்கும் இல்லம்மா. வாரம் ரெண்டு நாள் வந்து எங்க கல்லுங்களையும் பாருங்களேன்."

"வரேன் சார்."

அப்பாடா! இனி கட்டிலடிக்கு ஆபத்தில்லை. எனக்கு இருந்த நிம்மதியில் அதிகாரியையே கட்டிப்பிடித்திருப்பேன்.

"இவருக்கும் அங்க ஏதாவது வேலை இருக்குமா சார்?" என்று கேட்டாள் மனைவி. என்ன இருந்தாலும் பாசக்காரி.

அவர் என்னையும் வெள்ளையாக இருந்த என் கையையும் பார்த்தார். "பெட்டி தூக்க ஆள் வேணும்தான். பத்திரமா தூக்குவாரா?"

"பூட்டின பெட்டியா குடுங்க சார். தூக்குவார்."