பாக்கெட் தடைச் சட்டம்

இனி இந்த வீட்டு வாசற்படியை ஒரு பாக்கெட்கூட மிதிக்கக் கூடாது என்று புரூஃப் சார் முழங்கியபோது, அவர் சட்டைப் பொத்தானில் சிப்ஸ் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

புரூஃப் சாருக்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. புத்தகமா என்று கேட்டுவிடாதீர்கள், அவருக்கு வருத்தமாக இருக்கும். பிஸ்கட், சிப்ஸ், குளிர்பானம் இவற்றின் உறைகள்தான். உறையின் பின்பக்கம் எறும்புக்கு எழுதிய கடிதம் போலப் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்குமே, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் ஒரே ஆத்மா அவர்தான். தப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாக நீட்டிய கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் ஒத்துப்போகவில்லை என்று, அங்கேயே சிவப்புப் பேனாவால் திருத்தித் திருப்பிக் கொடுத்த மனிதர்.

சட்டம் பிறக்கக் காரணம் மகள். கல்லூரியில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இருபது வயதுப் பெண்ணுக்குச் சர்க்கரை எல்லைக் கோட்டில் நின்றது.

"பாக்கெட் சாப்பாடுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். "ஆனா முன்னெல்லாம் அம்பது வயசுல வந்தது இப்ப இருபதுலயே வருது. சாப்பாட்டையும் சந்தேகப்படத்தான் வேண்டியிருக்கு. முதல்ல அதைக் குறைங்க. காலைல அரை மணி நேரம் நடக்கட்டும்."

புரூஃப் சார் நிஜமாகவே பயந்துபோனார். ஒரே சர்க்கரை நாலு பெயரில் வந்து பட்டியலில் நிற்பதை இருபது வருஷமாகத் திருத்திக் கொடுத்தவர் அவர். எழுத்துதான் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று யோசித்ததில்லை. அன்று மாலையே அலமாரியைக் காலி செய்தார்.

"சட்டத்தை மீறினா என்ன தண்டனை?" என்றாள் மனைவி.

"மூணு மாசம், தினமும் காலைல அஞ்சரைக்கு இவகூட நடக்கணும்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

மாட்டப்போவது மனைவிதான் என்பதில் அவருக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவருக்கு ஏழு மணிக்கு முன் விடிந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மகளோ தனியாக நடக்கப் போகவே இல்லை. "துணைக்கு யாராவது வந்தா போறேன்" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். மனைவிக்கு ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. வாரத்தில் பாதி நாள் விடியற்காலை வண்டிக்கே கிளம்பிவிடுவாள். அவளுக்கு ராத்தூக்கம் போனது இந்த ஒரு கவலையில்தான்.

மூன்றாம் ஞாயிறு எல்லோரும் எடை பார்த்தார்கள். மகள் ஒரு கிலோ குறைந்திருந்தாள். மனைவி அரைக் கிலோ. புரூஃப் சார் ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தார்.

"தண்ணி நிறையக் குடிக்கறேன்ல" என்றார்.

"இருக்கும்" என்றாள் மனைவி.

அகராதிக்குப் பின்னால் சாக்லேட் கிரீம் பிஸ்கட் குடியிருந்ததை அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் அகராதியைத் தொடுபவர் அவர் ஒருவரே.

அடுத்த ஞாயிறு காலை, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கியது. மனைவியின் கையெழுத்து. 'இந்த வாரம் தெரியாமல் சாப்பிட்டவை' என்று தலைப்பு. மகள்: செவ்வாய், தோழி வீட்டில் குளிர்பானம், அரை டம்ளர். அம்மா: வியாழன், ஸ்டேஷனில் கேக், ஒன்று. அப்பா: வெள்ளி, ஆரஞ்சு கிரீம் பிஸ்கட், இரண்டு.

மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். புரூஃப் சாருக்கு ரத்தம் கொதித்தது. என்ன அபாண்டம். ஆரஞ்சா? ஜென்மத்தில் அவர் ஆரஞ்சு கிரீமை நாக்கில் வைத்ததில்லை. பையிலிருந்து பேனா தானாக வெளியே வந்தது. ஆரஞ்சை அடித்துவிட்டு 'சாக்லேட்' என்று எழுதினார். இரண்டோடு நிறுத்த அவர் என்ன முனிவரா? அதையும் அடித்து 'ஆறு' ஆக்கினார். வெள்ளி மட்டும் என்பதும் தப்பு. ஓரத்தில் ஒரு கொக்கி போட்டு 'திங்கள், புதன்' சேர்த்தார். பழக்க தோஷத்தில் கீழே 'திருத்தங்களுடன் அச்சிடலாம்' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தார். இப்போது தாளில் ஒரு பிழை இல்லை. திருப்தியாகக் குளிக்கப் போனார்.

முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்தபோதுதான் புரிந்தது. துண்டோடு ஓடி வந்தார். ஃப்ரிட்ஜ் கதவு வெறுமையாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் மனைவியும் மகளும் தாளை விரித்து வைத்துக்கொண்டு, அவருடைய பூதக்கண்ணாடியிலேயே படித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு நாளா, ஆறு ஆறா?" என்றாள் மனைவி.

"நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? மூணு பேருக்கும் சும்மா குத்துமதிப்பா எழுதினேன். நீங்கதான் விவரமா சொல்லியிருக்கீங்க."

"இது அநியாயம்."

"வண்டில தினமும் பண்றதுதாங்க. டிக்கெட் எங்கன்னு கேட்டா ஆயிரம் கதை சொல்வாங்க. போன ஸ்டேஷன்லதானே ஏறினீங்கன்னு தப்பாக் கேட்டாப் போதும். இல்லம்மா, அதுக்கும் மூணு ஸ்டேஷன் முன்னாடின்னு அவங்களே திருத்திடுவாங்க."

"அது எழுதும்போது ஏதோ கைதவறி…"

"அச்சிடலாம்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே. டாக்டருக்கு ஃபோன்ல ஒரு பிரதி அனுப்பியாச்சு. உங்க அக்காவுக்கும்."

அக்கா என்றதும் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அக்காவின் வாய்க்கு அஞ்சரை மணி நடை எவ்வளவோ மேல்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு மட்டும்தான் தண்டனைன்னு நெனச்சிட்டிருந்தேன்பா" என்றாள். அவர் எழுந்து போய் அகராதியை நகர்த்தி, மிச்சமிருந்த பாக்கெட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

மறுநாள் அஞ்சரைக்குத் தெருவில் மகள் முன்னால், அவர் பின்னால். இரண்டாவது சுற்றில் அவருக்கு மூச்சு இரைத்தது. மகள் நின்று, அவர் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

"ஏம்பா, பேசாம விட்டிருந்தா இப்ப நிம்மதியாத் தூங்கியிருக்கலாமே. எதுக்குத் திருத்தினீங்க?"

புரூஃப் சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தப்பா இருந்துச்சும்மா."