ஏழு அந்தோணிகளும் நிறுத்தத் தெரியாத நானும்

ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே ரயில் நின்றதே, அந்த மழைக்கு அடுத்த வருஷம் இது நடந்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மிதந்துபோய் எதிர்வீட்டு வாசலில் நின்றதும் அதே மழையில்தான். (எதிர்வீட்டுக்காரி ஃபிரிட்ஜைத் திருப்பித் தந்தாள். உள்ளே இருந்த சீலாமீன் குழம்பைத் தரவில்லை.)

குழம்பு கிடக்கட்டும். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன். அந்த வெள்ளத்தில்தான் முதல்முறையாக ஒதுங்கினேன், மூன்று நாள். அதுதான் என் மொத்தப் படிப்பு. அதை வைத்துக்கொண்டு எழுபத்திரண்டு வயதில் மொபைல் ஆப் செய்யப் போனேன்.

ஏன் போனேன் என்றால், வெள்ளத்தில் ஆட்களை மீட்க எங்கள் தெருவே வள்ளங்களோடு கிளம்பியது. எந்த வள்ளத்தில் யார் என்று கூப்பிடும் பொறுப்பு எனக்கு. கடலில் மூழ்கிச் சங்கு குளித்த காலத்துத் தொண்டை, நாலு தெருவுக்குக் கேட்கும். "ஏலே அந்தோணி, ஏறுலே" என்றேன். எங்கள் தெருவில் ஏழு அந்தோணி. ஏழு பேரும் ஒரே வள்ளத்தில் ஏறிவிட்டார்கள். அது சாய்ந்து தண்ணீர் மொண்டது.

அடுத்த வருஷம் மாதா கோவில் மண்டபத்தில் பத்து நாள் இலவச வகுப்பு வைத்தார்கள். எழுத வேண்டாம், திரையில் கட்டங்களை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும், பெயர்களை வாயால் சொன்னால் போன் ஏற்றிக்கொள்ளும் என்றார்கள். பொத்தானை அமுக்கினால் வள்ளக்காரர் பெயர்களை வரிசையாகச் சத்தம் போட்டுக் கூப்பிடும் ஆப் ஒன்று செய்யலாம் என்று போனேன். சொல்லிக்கொடுத்தது நாசரேத்துப் பெண், ஜெபா டீச்சர்.

"திரையில தெரியிறது கடையோட முன்பக்கம், தாத்தா. பின்னால பட்டியல் இருக்கும். அது குடோன் மாதிரி."

"குடோனுக்குள்ள யாரும் எட்டிப் பாப்பாவளா?"

"பாக்க மாட்டாங்க. ஆனா அங்க ஒவ்வொருத்தருக்கும் வேற யாருக்கும் இல்லாத அடையாளம் ஒண்ணு வேணும். பேரு பத்தாது. நம்பர் போட்டுக்கிடுங்க."

எனக்கு நம்பர் எதற்கு? எங்கள் கடற்கரையில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. ஒருவன் பெயர் இன்னொருவனுக்கு வராது. முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது, அவ்வளவுதான். யாரும் எட்டிப் பார்க்காத குடோன் என்று டீச்சரே சொல்லிவிட்டாள். போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, நம்பருக்குப் பதில் பட்டப்பெயரையே அடையாளமாகச் சொல்லித் தெரு முழுவதையும் ஏற்றினேன். ஓசிக்கருவாடு அந்தோணி. நாளைக்கு அந்தோணி. பாதிமீசை அந்தோணி. கடைசியாக, வாந்தி அந்தோணி.

இந்தக் கடைசி ஆள் மூன்று விசைப்படகுக்குச் சொந்தக்காரர். வாலிபத்தில் கடலுக்குப் போனபோது துறைமுகம் தாண்டுவதற்குள் குடலே வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து கரையிலேயே வியாபாரம். தன் பட்டப்பெயர் அவருக்குத் தெரியாது. அவர் மகனுக்குத்தான் என் பேத்தி ஸ்டெல்லாவைப் பேசி முடித்திருந்தோம். வகுப்பு முடிந்த மறுநாள் ஞாயிறு, கோவிலில் கல்யாண ஓலை (இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு) வாசிக்கப்போகிறார்கள்.

வீட்டில் சோதித்தேன். பொத்தானை அமுக்கினால் போன் "அந்தோணி, அந்தோணி, அந்தோணி" என்றது. எந்த அந்தோணி என்று எனக்கே தெரியவில்லை. சோதனைக்காக மட்டும், பெயரை விட்டுவிட்டு அடையாளத்தைச் சொல்லும்படி மாற்றினேன். திரும்ப மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன். பட்டியல் தீரும்வரை திரும்பத் திரும்பச் செய் என்ற கட்டளையை அதற்கு முந்தைய நாளே வைத்துவிட்டேன். நடுவில் நிறுத்த ஒரு பொத்தான் வைக்கச் சொல்லிக்கொடுத்த அன்று எனக்குப் பல்வலி, வகுப்புக்குப் போகவில்லை.

கடைசி நாள் மண்டபம் நிறையக் கூட்டம். முன்வரிசையில் சாமியார், பக்கத்தில் வெள்ளைவேட்டியில் என் வருங்காலச் சம்பந்தி. போனை மைக் செட்டில் மாட்டினார்கள். அமுக்கினேன்.

செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், அட்சரசுத்தமாக வந்தது. "ஓசிக்கருவாடு அந்தோணி."

மண்டபம் ஒரு நொடி முழித்தது. பிறகு சிரித்தது.

"நாளைக்கு அந்தோணி." நான் திரையெங்கும் அமுக்கினேன். "பாதிமீசை அந்தோணி." போனைக் குலுக்கினேன். சட்டைப்பையில் போட்டுக் கையால் மூடினேன். ஒலிபெருக்கிக்கு என் சட்டைப்பை ஒரு பொருட்டா? டீச்சர் ஓடி வருவதற்குள் அது சொல்லிவிட்டது. "வாந்தி அந்தோணி."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி எழுந்தார்.

"யாரைவே சொல்லுது அது?"

பெண்கள் பக்கமிருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னாள். "ஒங்களத்தான். மூணு படகு வச்சிருக்க மனுசன் ஏன் கடலுக்குப் போவ மாட்டேங்காருன்னு முப்பது வருசமா கேக்கேன். இன்னைக்குத்தான் விடை கெடைச்சிருக்கு."

அவர் காது சிவந்தது. "நாளைக்கு ஓலை கெடையாது" என்றார். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

"சம்பந்தி, தப்புதான். கால்ல விழுதேன்."

"கால்ல எல்லாம் விழவேண்டாம். பட்டியல்ல ஒம்ம பேரு எங்கவே?"

"தெருவுல நான் ஒத்தச் சந்தியாகுதானே. எனக்குப் பட்டப்பேரு கெடையாது."

மண்டபமே இடிந்துவிழுவதுபோல் சிரித்தது. சாமியார் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். (அவர் போட்டிருந்தது செருப்பு.) என் மனைவி ரோசம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"நனையாத சந்தியாகு."

ஐம்பது வருஷமாக நான் சங்கு குளித்த கதையைச் சொல்லிவருகிறேன். உண்மையில் நான் வள்ளத்தில் உட்கார்ந்து கயிறு பிடித்தவன். குளித்தவன் வேறு ஆள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது, கேட்டுக்கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள்.

சம்பந்தி பெருமூச்சு விட்டார். "அப்பம் நாம ரெண்டு பேரும் ஒரே சாதிதான். டீச்சர், இவரு பேரையும் ஏத்துங்க. ஏத்தினா நாளைக்கு ஓலை."

போனில் நானே என் வாயால் சொன்னேன். ஞாயிறு ஓலை வாசித்தார்கள்.

ஸ்டெல்லாவுக்கு இப்போது கையில் குழந்தை. அதைக் குளிப்பாட்டும்போதெல்லாம், "பூட்டனை மாதிரி இல்லாம நல்லா நனைஞ்சிக்கோ" என்கிறாள். புயல் எச்சரிக்கை வந்தால் கரையில் அதே ஆப்தான் ஓடுகிறது, அதே பெயர்களோடு. அவனவன் தன் வள்ளத்தில் சரியாக ஏறுகிறான்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலை படிக்கப் போனால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: ஓட்டக் கற்பதற்கு முன்னால் நிறுத்தக் கற்றுக்கொள்ளட்டும். அப்படியே, நான் ஒரு தடவை கால் வழுக்கிக் கடலில் விழுந்து முழுசாக நனைந்திருக்கிறேன் என்பதையும் நாலு பேரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் தெருவில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.