மொட்டை மாடிக்குப் போன கோப்பு

எங்கள் அலுவலகத்தில் தக்க காரணமின்றி எந்த வேலையும் தாமதமானதில்லை. வரி கட்டாத பக்கத்துக் கடையைப் பூட்டி சீல் வைப்பதற்குப் பதில், தையல்கார அக்காவின் கடைக்கு சீல் வைத்துவிட்டோம். வைத்தவன் நான்தான். கதவு எண் அழிந்திருந்தது, வெயிலோ மண்டையைப் பிளந்தது. சீல் எடுக்கச் சொல்லி அக்கா மனுக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மெஷின், ஊரார் தைக்கக் கொடுத்த துணி எல்லாம் உள்ளே. என் பேண்ட் ஒன்றும் அதில் அடக்கம்.

அப்போதுதான் எங்கள் இயக்குநர் வெளிநாட்டுப் பயிற்சி முடிந்து திரும்பினார். வந்த அன்றே ஒரே வரியில் உத்தரவு போட்டார்: "இனி ஒவ்வொரு கோப்பையும் ஃபாலோ அப் செய்ய வேண்டும்."

மேலதிகாரியிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கேட்டால் நமக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். ஆகவே தலைமை எழுத்தர் எங்களைக் கூட்டினார்.

"இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. ஒண்ணு, வேலை முடியற வரைக்கும் விடாம விசாரிச்சுக்கிட்டே இருக்கறது."

"முடியற வரைக்குமா?" என்று நெஞ்சில் கை வைத்தார் தட்டச்சு அம்மா.

"பதறாதீங்க. இன்னொண்ணு, வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கறது. ஃபாலோன்னா பின்னால போறது. அப்னா மேல."

"அது எவ்வளவோ தேவலை சார்."

இரண்டாவது பொருள் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

மறுநாளிலிருந்து கோப்பு தனியாகப் போவது நின்றது. பியூன் கோப்போடு படியேறுவார். பின்னால் நான். நான் போகிறேனா என்று பார்க்க என் பின்னால் கண்காணிப்பாளர். அவர் பார்த்ததைக் குறித்துக்கொள்ளப் பதிவேட்டோடு தட்டச்சு அம்மா. இப்படியே அக்காவின் கோப்பு முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று ஏறியது. கையெழுத்துப் போட வேண்டியவர் உட்கார்ந்திருந்ததோ தரைத்தளத்தில்.

"கீழ எடுத்துட்டு வாங்களேன் சார்," என்றார் அக்கா.

"உத்தரவுல கீழன்னு இல்லையேம்மா," என்றார் தலைமை எழுத்தர், நிஜமான வருத்தத்தோடு.

"அப்போ அவரை மேல வரச் சொல்லுங்க."

"அவரு கோப்பு இல்லையே. அவரு பின்னால யாரு போறது?"

ஒருநாள் இயக்குநர் படியில் எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டார். தான் சொன்னது இது இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால், தன் உத்தரவு யாருக்கும் புரியவில்லை என்று ஆகிவிடும். "வெரி குட்," என்று சொல்லி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

கடைசியில் கோப்பு மொட்டை மாடியை அடைந்தது. அதற்கு மேலே ஆகாயம்தான். காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு செங்கல்லை வைத்தோம். நூறு சதவீதக் கோப்புகளும் பின்தொடரப்பட்டன என்று அறிக்கை போனது. இயக்குநருக்கு விருது அறிவித்தார்கள்.

விழா அன்று காலை அவர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கோட்டு குடுத்தேனே, இடுப்புல தளர்த்தச் சொல்லி?"

"அன்னைக்கே தளர்த்திட்டேன் சார். சீல் வெச்ச கதவுக்கு உள்ள இருக்கு."

ஐந்தே நிமிடத்தில் சீல் உடைந்தது. உடைத்தவனும் நானே. கோப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கோட்டு வெளியே வந்தது. அக்கா உள்ளே போய் முந்தானையால் மெஷினைத் துடைத்து, அதன் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

"சரிப்பா, மறுபடி சீல் வெச்சிடு. கோப்பு இன்னும் மேலதானே இருக்கு," என்றார் தலைமை எழுத்தர், அக்கா வெளியே வந்ததும்.

வைத்தேன். கை கூசியது, ஆனாலும் வைத்தேன். என் பேண்ட் ஞாபகம் வந்தபோது அரக்கு காய்ந்துவிட்டது.

மறுநாள் என் பேண்டுக்காக நானும் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பியூன் அதை எடுத்துக்கொண்டு படியேற, முறைப்படி நான் பின்னால் போனேன். முதல் மாடி திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"என்னக்கா, இங்க?"

"கோப்பைப் பார்த்துட்டு வரேன் தம்பி. மூணு மாசமா தினம் ஏறி இறங்கறேன். நீங்க இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கீங்க, மெதுவா ஏறுங்க."